கோயில் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்ன கைவேலை கொடுக்கலாம்?

பர்மாவின் மோல்மீன் ஊரிலிருந்து வந்த கேள்வி இது: "மோல்மீனில் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். கோடை விடுமுறையில் தினமும் நடக்கும். ஆறு வயதிலிருந்து பதினொன்று வரை நாற்பது பிள்ளைகள். கடைசி ஒரு மணி நேரம் படம், கைவேலை என்று ஏதாவது செய்யலாமென்று பார்க்கிறேன். காசு குறைவு, கரண்டு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. படம் வரையச் சொன்னால் எல்லாரும் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓரத்தில் ஒரு பகோடா (புத்தர் கோயில்), இதையே வரைகிறார்கள். என்ன செய்யலாம்? போட்டி வைத்துப் பரிசு கொடுத்தால் ஆர்வம் வருமா?"

தங்கச்சி, யாங்கூனில் பிள்ளைகளுக்கு ஓவியமும் கைவேலையும் சொல்லிக்கொடுத்தே எனக்கு வயதாகிவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். போட்டி விஷயத்தைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

முதலில் அந்த இரண்டு மலை. அது சோம்பேறித்தனம் இல்லை. குழந்தைகளின் படங்களை ஆராய்ந்து 1947இல் எழுதிய விக்டர் லோவன்ஃபெல்டு இதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார். நான்கிலிருந்து ஏழு வயது வரை பிள்ளை தனக்கென்று உருவங்களைத் தேடிக்கொண்டிருக்கும். ஏழிலிருந்து ஒன்பதுக்குள் மனிதன் இப்படி, மரம் இப்படி, வீடு இப்படி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் உருவத்தை முடிவு செய்து அதையே திரும்பத் திரும்ப வரையும். தாளின் அடியில் ஒரு தரைக்கோடு வந்துவிடும். வீட்டுக்குள் இருக்கும் கட்டிலும் பாட்டியும் சுவரைத் தாண்டி வெளியே தெரிவார்கள். ஒன்பதைத் தாண்டினால் "நிஜம் மாதிரி வரலையே" என்ற வெட்கம் வரும். நம்மில் பலர் வரைவதை விட்டது அந்த வயதில்தான்.

ஆகவே மலையைத் திட்ட வேண்டாம். கேள்வியை மாற்றுங்கள். "ஒரு காட்சி வரை" என்றால் மலைதான் வரும். "எட்டாத கிளையில் இருக்கிற மாங்காயை எம்பிப் பறிக்கிறாய், அதை வரை" என்றால் பிள்ளை தன் உடம்பை நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். எம்புகிற கை மற்றக் கையைவிட இரண்டு மடங்கு நீளமாக வரும். அதைத் திருத்திவிடாதீர்கள், அந்த நீளம்தான் படம். "போன மழையில் உன் குடை மேல்பக்கமாகத் திரும்பிக்கொண்டதே", "முன்பல் விழுந்த அன்று கண்ணாடியில் பார்த்தாயே" என்று அவர்களுக்கு நடந்ததையே கேளுங்கள். தாள் பெரிதாக இருக்கட்டும். பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கம் இதற்குப் போதும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போனில் வீடியோ பார்த்து, காகிதத் தட்டில் காது ஒட்டி முயல், கழிப்பறைத் தாள் சுருளில் ஆந்தை என்று டீச்சர் ஒரு மாதிரி செய்து காட்டுவார். நாற்பது பேரும் அதே போல் நாற்பது செய்வார்கள். பார்க்க அழகாக இருக்கும், பெற்றோருக்கும் பிடிக்கும். ஆனால் அங்கே பிள்ளை ஒன்றையுமே முடிவு செய்வதில்லை. சொன்னபடி வெட்டுகிறது, ஒட்டுகிறது. என்னைக் கேட்டால், செய்கிற பொருளே பிள்ளையிடம் ஒரு கணக்குப் போட வேண்டும், அதற்கு ஒவ்வொருவருக்கும் வேறு வேறு விடை வர வேண்டும். அப்படிப்பட்ட வேலைகள் நாலைந்து இருந்தாலே வருஷம் ஓடிவிடும்.

அதில் நான் முதலில் வைப்பது நம் ஊர்ப் பொம்மைதான். பகோடாப் படிக்கட்டுக் கடைகளில் முட்டை வடிவில், சிவப்பு நிறத்தில், கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கிறதே, தள்ளினால் சாய்ந்து மறுபடி எழுந்துகொள்ளும் 'பிட் தைங் தவுங்', அதைச் சொல்கிறேன். உங்கள் பிள்ளைகள் எல்லாருடைய வீட்டிலும் ஒன்று இருந்திருக்கும். தஞ்சாவூர் ராஜா ராணி பொம்மையும் இதே கணக்குத்தான்: அடி உருண்டை, கனம் முழுதும் கீழே, மேல்பாகம் லேசு. இரண்டு ஊரும் நம் பிள்ளைகளுக்கு உரியவை. வகுப்பில் இரண்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

சின்னப் பிள்ளைகளுக்கு எளிதான வழி முட்டை ஓடு என்று எல்லாரும் சொல்வார்கள். கோயில் மண்டபத்துக்குள் முட்டை ஓட்டைக் கொண்டுபோனால் குருக்கள் உங்களையும் பொம்மையையும் சேர்த்து வெளியே அனுப்பிவிடுவார். அங்கே தாராளமாகக் கிடைப்பது தேங்காய்ச் சிரட்டை. கண் இல்லாத பாதியை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் அடிதான் வழவழப்பாக இருக்கும். நாரைச் சுரண்டிவிட்டு, சிமெண்டுத் தரையிலோ கரடுமுரடான கல்லிலோ தேய்த்தால் இன்னும் நன்றாக உருளும். பெரிய பிள்ளைகள் தேய்த்துக் கொடுக்கட்டும்.

உள்ளே அடியில் ஒரு உருண்டைக் களிமண்ணை அழுத்த வேண்டும். வேலை இங்கேதான் இருக்கிறது. களிமண் ஒரு பக்கமாகப் போனால் பொம்மை அந்தப் பக்கமே சாய்ந்து நிற்கும். சரியாக நடுவில் வைத்தால் நேராக எழும். பிள்ளை வைத்துப் பார்த்து, தள்ளிப் பார்த்து, நகர்த்தி நகர்த்தித் தானே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் விரலை நீட்டக் கூடாது. களிமண் காயும்போது சுருங்கிச் சிரட்டையை விட்டுக் கழன்றுவிடும். அதனால் மறுநாள் காய்ந்த பிறகு அதை எடுத்து, வெள்ளைப் பசை தடவி அதே இடத்தில் வையுங்கள், அல்லது சுற்றிலும் மெழுகுவத்தியை உருக்கி ஊற்றுங்கள். மெழுகு ஊற்றுவது உங்கள் வேலை, பிள்ளைகளுடையது இல்லை.

அப்புறம் மேலே தாளைக் கூம்பாகச் சுருட்டி, சிரட்டை விளிம்பில் ஒட்டி, முகம் வரைந்து, தலைப்பாகையோ கொண்டையோ வைக்கலாம். யாராவது ஒரு பையன் தலைக்கு மண் உருண்டை வைத்துக் கொண்டுவருவான். பொம்மை விழுந்துவிடும். விழட்டும். "ஏன் விழுந்தது?" என்று மட்டும் கேளுங்கள். புவியீர்ப்பு மையம் என்ற பாடம் பள்ளிக்கூடத்தில் பல வருஷம் கழித்து வரும்போது அவனுக்கு இந்தத் தலை ஞாபகம் இருக்கும்.

ஒன்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் இதையே கடைக்காரர் செய்கிற மாதிரி தாளால் செய்யலாம். அவர்களிடம் மர அச்சு இருக்கும், நமக்கு ஊதிய பலூன் போதும். மைதா ஒரு கப்புக்குத் தண்ணீர் நாலு கப் என்று கரைத்து, கட்டி தட்டாமல் கிண்டிக் காய்ச்சினால் பசை. அரிசிக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சினாலும் சரி. கொஞ்சம் படிகாரத் தூள் போட்டால் சீக்கிரம் பூசணம் பிடிக்காது. பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவது பழைய வழக்கம். அது விஷம், பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம். தாளைக் கத்தரிக்காமல் கையால் கிழிக்கச் சொல்லுங்கள். கிழிந்த ஓரம்தான் ஒன்றோடொன்று படிந்து உட்காரும். ஒரு அடுக்கு செய்தித்தாள், அடுத்த அடுக்கு வெள்ளைத்தாள் என்று மாற்றி மாற்றி ஒட்டினால், எங்கே விட்டுப்போயிற்று என்று பிள்ளைக்கே தெரியும். ஐந்தாறு அடுக்கு வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் ஒட்டினால் உள்ளே ஈரம் நின்று நாறும், நாளுக்கு இரண்டு அடுக்கு போதும். நன்றாகக் காய்ந்ததும் நீங்கள் பிளேடால் குறுக்கே வெட்டி, அடியில் கனத்தை ஒட்டி, மறுபடி மூடித் தாள்துண்டால் தைத்த மாதிரி ஒட்டிவிட வேண்டும். பிறகு வண்ணம்.

இந்த வேலையை மார்ச்சிலிருந்து மே முதல் வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். உங்கள் ஊரில் வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. மழை பிடித்த பிறகு தாள் பொம்மை காயவே காயாது, பச்சை பிடித்துவிடும்.

வண்ணத்துக்கு வருவோம். போஸ்டர் கலரில் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை நாலு பாட்டில் வாங்குங்கள். கறுப்பு வேண்டாம். கறுப்பு இருந்தால் எல்லாப் படமும் சாம்பல் பூத்துவிடும். சிவப்பு வாங்கும்போது செங்கல் பக்கம் போகிற சிவப்பைத் தவிர்த்து, ரோஸ் பக்கம் சாய்ந்ததை எடுங்கள். ஆரஞ்சு கலந்த சிவப்போடு நீலம் சேர்த்தால் ஊதா வராது, சேறுதான் வரும். வீட்டுக் கதவுக்கு அடித்து மிஞ்சிய எனாமல் பெயிண்டை யாராவது தானமாகத் தருவார்கள். நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். அதில் ஈயம் இருக்கக்கூடும், சின்னப் பிள்ளைகள் கையை வாயில் வைப்பவர்கள்.

காசே இல்லாத வாரத்தில் மஞ்சள்தூள் இருக்கிறது. ஒரு தேக்கரண்டியை அரை டம்ளர் வெந்நீரில் கலக்கி, தாள் முழுதும் பூசிக் காய வையுங்கள். மேலே ஒட்டிய தூளைத் தட்டிவிடுங்கள். தாள் மஞ்சளாக நிற்கும். இப்போது துணி துவைக்கும் சோப்பைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, குச்சியில் பஞ்சு சுற்றி, அதைத் தொட்டு வரையச் சொல்லுங்கள். கோடு போட்ட இடமெல்லாம் சிவக்கும். ஆரத்தித் தண்ணீர் ஏன் சிவக்கிறது என்று அந்த நிமிஷமே பெரிய பிள்ளைகள் கேட்பார்கள். அங்கே சுண்ணாம்பு, இங்கே சோப்பு, வேலை ஒன்றே. இரண்டும் காரம். கூன்யா எனும் வெற்றிலைக் கடையில் சுண்ணாம்பு சும்மா கிடைக்கிறதே என்று அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. சிவந்த கோட்டின் மேல் எலுமிச்சைச் சாறு தொட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும், அதாவது அழித்து எழுதலாம். இந்தப் படத்தைச் சுவரில் மாட்டினால் வெயிலில் சில நாளில் வெளுத்துவிடும். நோட்டுக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

இதே வரிசையில் சங்குப்பூ ஊறிய தண்ணீர் நீலம் தரும், எலுமிச்சை விழுந்தால் ஊதாவாகும். தேக்கின் இளந்தளிரைக் கசக்கினால் கை சிவக்கும், அதையும் தாளில் தேய்க்கலாம். பர்மாவில் தேக்குக்குப் பஞ்சமா?

பர்மாவில் மரப்பட்டையை அரைத்து முகத்தில் பூசுகிறார்களே, அந்தத் தனக்காவையும் விட வேண்டாம். கல்லில் அரைத்ததோடு துளி கஞ்சிப் பசை சேர்த்தால் கறுப்புத் தாளிலும் பழுப்பு அட்டையிலும் வெளிர் மஞ்சளாக, பொடி பூத்தது போல நிற்கும். அம்மாவின் முகத்தை வரைந்து கன்னத்தில் நிஜத் தனக்காவையே பூசச் சொல்லுங்கள். இந்த வேலையை வேண்டாமென்று சொன்ன பிள்ளையை நான் பார்த்ததில்லை.

மழைக்காலத்துக்குக் கோலம். பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஆக்கிவிடாதீர்கள். பையன்களுக்கு இது புதிர் என்று சொன்னால் போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள். சிக்குக் கோலத்தை நேர்ப்புள்ளியில் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி. புள்ளிகளுக்கு நடுவே சாய்வாகப் போய், ஓரத்தில் வளைந்து திரும்பி, எல்லாப் புள்ளியையும் சுற்றி வந்தால் கை எடுக்காமல் ஒரே கோட்டில் முடியும். இப்போது மூன்றுக்கு மூன்று வையுங்கள். எவ்வளவு முயன்றாலும் ஒரே கோட்டில் முடியாது, மூன்று தனித்தனிக் கோடு வேண்டும். மூன்றுக்கு நாலு வைத்தால் மறுபடி ஒன்றே. ரகசியம், வரிசை எண்ணுக்கும் புள்ளி எண்ணுக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணிதான். அது எத்தனையோ அத்தனை கோடு. இதை நீங்கள் சொல்லிவிடாமல், ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நிறக் கிரேயான் கொடுத்து, எந்தக் கோலத்துக்கு எத்தனை நிறம் ஆயிற்று என்று பலகையில் எழுதி வைத்துக்கொண்டே வாருங்கள். பத்து வயதுப் பிள்ளை ஒன்று கண்டுபிடிக்கும். சின்னவர்களுக்குக் கோடு சுற்றுவதே பெரிய விஷயம், அவர்களை மெல்லப் போக விடுங்கள்.

காய்கறி அச்சு, இலை அச்சு எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் நட்சத்திரம், வாழைத்தண்டை வெட்டினால் வளையம். அரச இலையின் நரம்புப் பக்கத்தின்மேல் தாளை வைத்துக் கிரேயானைப் படுக்க வைத்து உரசலாம். ஒரு வகுப்புக்கு இது போதும், அதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை. ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள் ரப்பர் விதை கொண்டுவருவார்கள். புள்ளி புள்ளியாக அழகாக இருக்கும், ஒட்டிப் பூச்சி, ஆமை செய்யலாம். விதை உள்ளே நஞ்சு, சின்னவர்கள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆவணியில் பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண். மழைக்காலம் தாளுக்கு எதிரி என்றேனே, களிமண்ணுக்கு அதுவே நல்லது, மெதுவாகக் காய்ந்தால் வெடிக்காது. தும்பிக்கையைத் தனியாக உருட்டி வெறுமனே அழுத்தினால் மறுநாள் விழுந்துவிடும். ஒட்டும் இரண்டு இடத்தையும் குச்சியால் கீறி, குழைத்த மண்கூழைத் தடவி அழுத்த வேண்டும். வயிறு பெருவிரலைவிடத் தடிமனாக இருந்தால் உள்ளே குடைந்துவிடச் சொல்லுங்கள். வண்ணம் வேண்டாம், கரைக்கப் போகிறோம். யாங்கூன் பக்கம் இருந்தால் பானைக்குப் பேர்போன துவாந்தே ஊர் மண்ணைச் சொல்லியிருப்பேன், உங்கள் ஊரில் பானை செய்பவரைக் கேட்டாலே கிடைக்கும்.

ஐப்பசியை ஒட்டித் தடின்ஜுட் என்ற பர்மிய விளக்குத் திருவிழாவும் தீபாவளியும் அடுத்தடுத்து வரும். அப்போது மூங்கில் சிம்பும் மெல்லிய தாளும் கொண்டு கூண்டு விளக்கு செய்யலாம். உள்ளே மெழுகுவத்தி வைக்காமல் சின்ன பேட்டரி விளக்கு வையுங்கள், கரண்டு போனாலும் எரியும்.

பத்துப் பதினொரு வயதுக்காரர்கள் "எங்களுக்குச் சின்னப் பிள்ளை வேலையா?" என்று முறைத்தால் காலால் தட்டி ஆடும் பர்மியப் பிரம்புப் பந்தான சின்லோன் இருக்கிறது. பிரம்புக்குப் பதில் கெட்டியான தாளில் நீளமான ஆறு பட்டை. ஐந்து பட்டையை மேலும் கீழுமாகப் பின்னி நடுவில் ஓர் ஐங்கோண ஓட்டை வரச் செய்து, ஆறாவதை இடுப்புப் பட்டையாகச் சுற்றி வளைக்க வேண்டும். முடிந்ததும் எண்ணிப் பார்த்தால் பந்தில் பன்னிரண்டு ஐங்கோண ஓட்டை இருக்கும். வகுப்புக்கு முன்னால் நீங்கள் வீட்டில் ஒருமுறை செய்து பாருங்கள், விளக்கிப் புரியவைக்கிற வேலை இல்லை இது. முடியாதவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவர் பிடிக்க ஒருவர் பின்னட்டும்.

பிள்ளை படத்தோடு வரும்போது "இது என்ன, நாயா?" என்று கேட்காதீர்கள். அது குதிரையாக இருக்கும், பிள்ளையின் முகம் விழுந்துவிடும். "இதைப் பற்றிச் சொல்லு" என்றால் போதும். அதைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பர்மியச் சொல் கலந்து வந்தாலும் பரவாயில்லை, வாயைத் திறக்கிறதே. எழுத்துப் பயிற்சியில் ஊமையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளை தன் குதிரையைப் பற்றி நாலு வாக்கியம் பேசும். அவர்கள் படத்தில் உங்கள் பென்சில் மட்டும் படவே கூடாது.

இனிப் போட்டி. வேண்டாம் என்பது என் கட்சி. 1973இல் அமெரிக்காவில் மூன்று உளவியல் ஆய்வாளர்கள் மார்க்கர் பேனாவால் வரைவதில் ஆசையுள்ள மழலைப் பள்ளிப் பிள்ளைகளை மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு "வரைந்தால் பரிசுச் சான்று உண்டு" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவதுக்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்து யார் தானாகப் பேனாவை எடுக்கிறார்கள் என்று கவனித்தால், பரிசுக்காக வரைந்த பிரிவு மற்றவர்களில் ஏறக்குறையப் பாதி நேரமே வரைந்தது. எதிர்பாராமல் வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை.

அதனால் திருவிழா அன்று மண்டபத் தூண்களுக்கு நடுவே கயிறு கட்டி, துணிக் கிளிப்பில் நாற்பது பேருடையதையும் தொங்கவிடுங்கள். பிள்ளைகளின் கண் உயரத்துக்குத் தொங்கட்டும், பெரியவர்கள் குனிந்து பார்த்துக்கொள்வார்கள். கீழே பெயரை அவரவர் கையால் தமிழில் எழுதட்டும். ட-வும் ர-வும் தலைகீழாக இருந்தாலும் அப்படியே விடுங்கள். கோயில் கமிட்டிக்காரர்கள் பரிசு கொடுத்தே தீருவோம் என்று நின்றால், யாரிடமும் முன்னால் சொல்லாமல், எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆளுக்கு ஒரு கிரேயான் பெட்டி என்று பேசி முடித்துவிடுங்கள்.